கூப்பிடும் தூரத்துப் பெயர்கள்

ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இப்போது முதலில் சொல்லும் நிபந்தனை நீளத்தைப் பற்றியது. இரண்டெழுத்து, மிஞ்சினால் மூன்று. பொருள், மொழி, நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதைப் புதுமோகம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தள்ளிவிட மனமில்லை. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆள்பெயர்கள் பெரும்பாலும் சின்னவை. நீளப் பெயர்கள் பின்னால் வந்தன. வந்த பிறகும் வீட்டுக்குள் அவற்றை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. ஏட்டில் ஒரு பெயர், முற்றத்தில் ஒரு பெயர் என்று பல தலைமுறை ஓடிவிட்டது. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று இன்றைய பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. ஏட்டிலும் நிற்க வேண்டும், தெருமுனைவரை கூப்பிடவும் வர வேண்டும் என்றால், அந்தச் சின்னப் பெயர் எங்கிருந்து வந்தது, உண்மையில் என்ன சொல்கிறது, வாயில் எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சின்னது என்பதைத் தமிழ் எழுத்தெண்ணிக்கையால் மட்டும் அளப்பதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'கோ' இரண்டு மாத்திரை. 'வேல்', 'கவின்' இரண்டும் இரண்டரை. 'பாரி' மூன்று. 'மாறன்', 'ஆதன்', 'செழியன்' மூன்றரை. எழுத்தெண்ணிக்கையில் செழியன் மாறனைவிட நீளம். ஒலிக்கும் நேரத்தில் இரண்டும் சமம். ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை தமிழில் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றில் 'கோ' மட்டும் ஆள்பெயர்களோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தது. இளங்கோ, பெருங்கடுங்கோ, கோப்பெருஞ்சோழன் எல்லாம் அதன் உறவுகள். தனியே ஓரெழுத்தில் ஒரு பிள்ளையை அழைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. ஓரசையும் ஈரசையும்தான் தமிழ்ப் பெயரின் இயல்பான அளவு என்று கொள்ளலாம்.

அந்த அளவைப் பானை ஓடுகளில் பார்க்கலாம். கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. கொடுமணல் ஓடுகளிலும் இப்படிப்பட்ட சிறு பெயர்கள்தாம். செங்கடற்கரையில், எகிப்தின் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். கண்ணன், சாத்தன் என்று அவற்றைப் படிக்கிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல்லில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயராக அந்தவன் என்று வெட்டியிருக்கிறது. கப்பலேறிய வணிகன், மாடு பிடிக்கும் சண்டையில் விழுந்தவன், குடம் வைத்திருந்த வீட்டுக்காரன் எல்லாரும் இப்படிச் சின்னப் பெயர்களோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள்.

இவற்றில் ஆதன் என்ற பெயரை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். கரூர் அருகே புகளூர் மலைக் கல்வெட்டில் சேர அரசன் கோ ஆதன் செல்லிரும்பொறை என்று வருகிறான். சேரலாதன் என்ற பெயருக்குள் சேரலும் ஆதனும் சேர்ந்து இருக்கின்றன. அரசனுக்கும் பானைக்காரனுக்கும் ஒரே பெயர். தொல்காப்பியம் இந்தப் பெயருக்கென்று எழுத்ததிகாரத்தில் ஒரு விதியே வைத்திருக்கிறது. ஆதன், பூதன் ஆகிய பெயர்களோடு 'தந்தை' என்ற முறைப்பெயர் சேரும்போது அவை சுருங்கி ஆந்தை, பூந்தை ஆகின்றன. கீரன், சாத்தன் என்பவை கீரந்தை, சாத்தந்தை ஆகின்றன. கோப்பெருஞ்சோழனின் உயிர் நண்பர் பிசிராந்தையார் பெயரில் இருக்கும் ஆந்தை இதுதான், பறவை இல்லை. இலக்கண நூல் தனி விதி எழுத வேண்டிய அளவுக்கு ஊரெங்கும் புழங்கிய பெயர்கள் இவை.

அதே நூல், ஒருவனின் பெயரோடு அவன் மகனின் பெயர் சேரும் புணர்ச்சியையும் சொல்கிறது. தந்தை பெயர் முன்னே, மகன் பெயர் பின்னே. இன்று நாம் தலைப்பெழுத்து போடுகிற வரிசையும் அதுதான். குடும்பப் பெயரைப் பின்னால் சுமக்கும் வழக்கம் நமக்கு இல்லாததால் பெயர் சின்னதாகவே இருக்க முடிந்தது. ஆளை அடையாளம் காட்டும் வேலையை ஊரும் தகப்பனும் பார்த்துக்கொண்டார்கள். பெயருக்கு மதிப்புக் கூட்ட வேண்டுமானால் முன்னால் ஒரு 'ந' போதும். கீரன் நக்கீரன் ஆனான், பூதன் நப்பூதன் ஆனான், செள்ளை நச்செள்ளை ஆனாள்.

மூவேந்தர்களுக்கு இருந்த பெயர்களும் குடிப்பெயர்களும் இன்றுவரை நம் பெயர்க் களஞ்சியமாக இருக்கின்றன. பாண்டியருக்கு மாறன், செழியன், வழுதி. சோழருக்கு வளவன், கிள்ளி, சென்னி, செம்பியன். சேரருக்கு உதியன், குட்டுவன், பொறையன், கோதை. கோதை இந்த வரிசையில் வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். மாக்கோதை என்று பெயர் பொறித்த சேர வெள்ளிக் காசுகள் அரசனின் முகத்தோடு கிடைத்திருக்கின்றன. மாலை என்று பொருள்படும் அந்தப் பெயர் ஆண்டாளின் பெயராகப் புகழ்பெற்ற பிறகு முழுக்கப் பெண்பாலுக்குப் போய்விட்டது. எழினியும் அப்படித்தான். அதியமான் குடியில் ஆணுக்கு வழங்கிய பெயர், மேடைத் திரையைக் குறிக்கும் சொல், இன்று பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படுகிறது. ஒரு பெயர் எந்தப் பாலுக்கு உரியது என்பதைக் காலம் மாற்றி எழுதும்.

கடையெழு வள்ளல்களின் பெயர்கள் ஏழும் சின்னவை: பேகன், பாரி, காரி, ஆய், அஞ்சி, நள்ளி, ஓரி. இந்த ஏழை வைத்தே ஒரு பெயரின் விதியைப் படிக்கலாம். பாரிக்கு அகராதிப் பொருள் தேடுகிறவர்கள் ஏதேதோ எழுதுகிறார்கள். பறம்பு மலைத் தலைவன், முல்லைக்குத் தேர் ஈந்தவன், இறந்த பிறகும் தன் மக்களைக் காக்கக் கபிலர் என்ற நண்பரைப் பெற்றவன். இதைவிட வேறு பொருள் அந்தப் பெயருக்கு எதற்கு? சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் தொடராக வந்த பிறகு பாரி மறுபடி தொட்டில்களுக்கு வந்திருக்கிறான் என்பது நான் கண்டது. ஒரு நாவலால் இது முடிகிறதென்றால் பெயரின் பொருளை அகராதி மட்டும் வைத்திருக்கவில்லை.

ஓரிக்கு நிகண்டுகள் ஆண் நரி என்றும் பிடரி மயிர் என்றும் பொருள் சொல்கின்றன. அதனால் வல்வில் ஓரியின் பெருமை குறையவில்லை. கொல்லிமலையில் இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டி அவனுக்கு விழா எடுக்கிறார்கள். ஆய் அண்டிரன் பொதியமலைப் பக்கத்துப் பெருங்கொடையாளி; ஆனால் 'ஆய்' என்ற ஒலி இன்று குழந்தைப் பேச்சில் வேறொன்றாகிவிட்டது, அந்தப் பெயரை மீட்கவே முடியாது. அஞ்சியும் அப்படியே. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன், திருக்கோவிலூர் அருகே ஜம்பைக் கல்வெட்டில் தன் பெயரைத் தமிழி எழுத்தில் விட்டுச்சென்றவன், தகடூர் அரசன். அவ்வளவு இருந்தும் 'பயந்து' என்று காதில் விழும் பெயரை எந்தத் தாயும் மகனுக்கு வைக்க மாட்டாள். ஆகவே அவன் அதியன் என்ற பெயரால் மட்டும் திரும்பி வருகிறான். இந்த ஏழுக்கு வெளியே, நன்னன் கதை இன்னும் சிக்கல். மலைபடுகடாம் பாடப்பட்ட வள்ளலும் நன்னன். ஆற்றில் வந்த காயைத் தின்ற பெண்ணைக் கொன்று, புலவர்களின் சாபத்துக்கு ஆளானவனும் நன்னன். தமிழறிஞர் மா. நன்னன் திருஞானசம்பந்தன் என்ற தன் பெயரை விட்டு இதைச் சூடிக்கொண்டபோது முதலாமவனைத்தான் நினைத்திருப்பார்.

இந்த ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது காரி. கருமை என்று பொருள். திருக்கோவலூர் மலையமானின் பெயர், அவன் குதிரைக்கும் அதே பெயர். அரசனோடு முடிந்துவிடவில்லை. சிறுபஞ்சமூலம் எழுதியவர் காரியாசான். அறுபத்து மூவரில் திருக்கடவூர்க் காரி நாயனார் இருக்கிறார். நம்மாழ்வாரின் தந்தை பெயர் காரி. அதனால் ஆழ்வார் காரிமாறன். சமணம், சைவம், வைணவம் மூன்றும் தயக்கமில்லாமல் வைத்துக்கொண்ட பெயர். பல நூற்றாண்டுகளுக்குக் கறுப்பு என்பது தமிழனுக்கு மகனின் பெயராக இருக்கத் தகுந்த நிறமாக இருந்தது. இன்று அந்தப் பெயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அழகுப் பூச்சு விற்கிற காலத்தில் மறைந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. யாராவது ஒருவர் தன் மகனுக்குக் காரி என்று வைத்தால் நான் மனமார வாழ்த்துவேன்.

பெயர்கள் எப்போது நீண்டன? பக்தியும் கோயிலும் பெருகியபோது. ஊர்க் கடவுளின் முழுப்பெயரையும் பிள்ளைக்கு வைப்பது புண்ணியம் என்று ஆனபோது. மீனாட்சிசுந்தரம், திருநாவுக்கரசு, வெங்கடசுப்பிரமணியன் எல்லாம் அந்த வழி. ஆயினும் சோழர் காலக் கல்வெட்டுகளில் நம்பி, கூத்தன், காடன், சேந்தன் போன்ற சின்னப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. சேந்தன் செம்மையிலிருந்து பிறந்த பெயர், முருகனைக் குறிக்கும். அம்பர் ஊர்ச் சேந்தன் என்ற புரவலர் ஆதரித்ததால் திவாகர நிகண்டே சேந்தன் திவாகரம் என்று வழங்குகிறது. தமிழின் முதல் நிகண்டைச் சுமக்கும் பெயர் இன்று அரிதாகவே கேட்கிறது.

நீண்ட பெயரை வீடு எப்படிச் செரித்துக்கொண்டது என்பதுதான் சுவையான பகுதி. வெங்கடராமன் வெங்கிட்டு ஆனான், சீனிவாசன் சீனு, சுப்பிரமணியன் சுப்பு அல்லது மணி, கிருஷ்ணன் கிட்டு அல்லது கிச்சா, நாராயணன் நாணு, வரதராஜன் வரது, வைத்தியநாதன் வைத்தி, ராமச்சந்திரன் சந்துரு. எட்டயபுரத்துச் சுப்பிரமணியனை, அதாவது பாரதியை, வீட்டில் சுப்பையா என்றுதான் அழைத்தார்கள். ஆறுமுகம் ஆறு, பழனிச்சாமி பழனி. இவை ஏனோதானோவென்று வெட்டியவை அல்ல. பெரும்பாலும் இரண்டு அசை, கடைசியில் 'உ' அல்லது 'இ'. எந்தப் பெயர் வந்தாலும் தமிழ் வாய் இந்த அச்சில் வார்த்துவிடுகிறது.

சுருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். இரண்டும் மோதும் இடத்தில் தாய் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே முடியாது. 'அய்யா', 'ராசா', 'தம்பி', 'கண்ணு', 'பெரியவனே' என்று அழைத்து அழைத்து, அதுவே ஊருக்கும் பெயராகிப் போனது. நம் செல்லப் பெயர்களில் பாதி கொஞ்சலில் பிறந்தது என்றால், மீதி இந்த வாய்க்கட்டில் பிறந்தது. ஏட்டில் மாமனாரும் முற்றத்தில் ராசாவுமாக ஒரே பிள்ளை இரண்டு பெயரோடு வளர்ந்தான்.

குலசாமிகளின் பெயர்கள் இயல்பிலேயே சின்னவை. தென்மாவட்டங்களில் மாடன், சுடலை, இசக்கி. மதுரைப் பக்கம் கருப்பு, பாண்டி, முனி. எங்கும் முத்து, மாரி, வீரன். முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து வந்தவனைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றார்கள். கடவுளிடமும் ஊராரிடமும் இரந்து பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றார்கள். யாரும் விரும்பாத பெயரை வைத்தால் சாவும் விரும்பாது என்பது கணக்கு. இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தாயின் பயத்தை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

ஆனால் சின்னப் பெயரின் வரலாற்றில் ஒரு கொடுமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நேர்மையாகாது. ஒரே கடவுளின் பெயர் மேலே இருப்பவனுக்குச் சுப்பையா, சுப்பராயர், சுப்பிரமணியன் என்று நீளும்; கீழே தள்ளப்பட்டவனுக்குச் சுப்பன் என்று நிற்கும். 'அர்', 'ஐயா', 'சாமி' என்ற மரியாதை ஒட்டுகள் சிலருக்கு மறுக்கப்பட்டன. நல்ல பெயர் வைத்தாலே ஊர்க் கோபம் வரும் என்று பயந்து, ஒடுக்கப்பட்ட மக்கள் கறுப்பன், மாடன் என்று கொடுக்கப்பட்ட அளவுக்குள் பெயர் வைத்துக்கொண்ட காலம் நெடிது. ஒரு வயதான மனிதரைச் சிறுவன் 'அன்' விகுதியோடு பெயர் சொல்லி அழைப்பது ஊர் வழக்கமாகவே இருந்தது. காத்தவராயன் என்று பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனது போன்ற முடிவுகளை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட வீடுகளில் நீளமான, வடமொழி கலந்த, நாகரிகமாகத் தோன்றும் பெயர்களைத் தேடியதில் விடுதலை வேட்கை இருந்தது. தூய தமிழில் சின்னப் பெயர் வையுங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொல்ல வேறு யாருக்கும் உரிமையில்லை.

கிறித்தவர்களும் முஸ்லிம்களும் தமிழுக்குத் தந்த சின்னப் பெயர்கள் அழகானவை. போர்த்துகீசியரின் ஜோசே நம் கடற்கரையில் சூசை ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அதே யோசேப்புக்கு வளன் என்று பெயரிட்டார். எபிரேய மூலத்துக்கு 'பெருகச் செய்வான்' என்பது பொருள்; வளம் என்ற சொல்லை எடுத்து இரண்டு எழுத்தும் ஒரு மெய்யுமாகப் பொருள் சிதையாமல் தமிழாக்கியது பெரிய திறமை. கத்தோலிக்கக் குடும்பங்களில் வளன் இன்றும் வழங்குகிறது. யோவானின் மூலப்பொருள் கடவுளின் அருள்; அதனால் அவர் அருளப்பர், அதிலிருந்து அருள். சேவியர் சவேரியாராகிச் சவரி ஆனார். முஸ்லிம் வீடுகளில் உமர் உமறு ஆனது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பெயரிலேயே அதைப் பார்க்கலாம். ஷேக் சேகு ஆனது. ஒளி என்று பொருள்படும் நூர் அப்படியே நின்றது. சுப்புவையும் வரதுவையும் வார்த்த அதே அச்சுதான் உமறையும் சேகுவையும் வார்த்திருக்கிறது.

1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களில் புது வேகம் கொண்டுவந்தது. வேதாசலம் மறைமலை ஆனார். தம் பிள்ளைகளுக்கு இருந்த திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம் என்ற பெயர்களை அறிவுத்தொடர்பு, மணிமொழி என்று மாற்றினார். அறிவுத்தொடர்பு வழக்கில் பரவவில்லை, மணிமொழி பரவியது. கூப்பிட வராத பெயரைக் கொள்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. திராவிட இயக்கம் சங்கப் பெயர்களை மேடைக்குக் கொண்டுவந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். தொண்டர்கள் வீட்டில் மாறன், செழியன், இளங்கோ, கபிலன் பிறந்தார்கள். பெரியார் சோவியத் பயணத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று பெயர் வைத்தார். 1953 மார்ச்சில் சோவியத் தலைவர் இறந்த நாட்களில் மு. கருணாநிதியின் மகனுக்கு ஸ்டாலின் என்ற பெயர் வந்தது. மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் போஸ் என்ற பெயர் தாராளம். வங்காளத்துக் குடும்பப் பெயர் ஒன்று இங்கே வந்து இரண்டரை மாத்திரையில் வீரனின் பெயராகிவிட்டது.

இன்றைக்கு வருவோம். இப்போது விரும்பப்படும் தமிழ்ச் சின்னப் பெயர்கள் பெரும்பாலும் இயற்கையையும் பண்பையும் குறிப்பவை: கதிர், முகில், எழில், கவின், மகிழ், புகழ், அமுதன், இனியன், நிலவன், யாழன். கவின் அழகு; சங்கப் பாட்டுகளில் பெரும்பாலும் தலைவியின் அழகைச் சொல்ல வரும் சொல். இன்று அது ஆண் பிள்ளையின் பெயராகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. கதிருக்கு ஒளிக்கற்றை என்றும் நெற்கதிர் என்றும் பொருள். வானமும் வயலும் ஒரே சொல்லுக்குள். இவற்றில் பல 'ன்' விகுதியை விட்டுவிட்டவை. ஆகவே தமிழ், மதி, எழில், அருள் போன்றவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகின்றன. சாத்தன் என்றால் ஆண், சாத்தி என்றால் பெண் என்று விகுதியால் பிரித்துக் காட்டிய மொழி, முத்து, மணி என்று பொதுப்பெயரையும் எப்போதும் வைத்திருந்தது. இது குறையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல்களில் கொடுக்கப்படும் பொருள்கள் பல பொய். ஆரவ் என்ற பெயருக்கு 'அமைதியானவன்' என்று எழுதியிருப்பார்கள். வடமொழியில் ஆரவம் என்பது ஓசை, கூச்சல், முழக்கம், நேர் எதிர். பெயர் இனிமையாக இருக்கிறது என்று வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் அகராதியைத் திறப்பான். விஹான் என்றால் விடியல். இது இந்தியில் உள்ள சொல், பட்டியல் இங்கே சரியாகச் சொல்கிறது. சில ஒலிகள் இரண்டு வேர்களில் நிற்கின்றன. அகில் என்பது தமிழில் மணக்கும் கட்டை. வடமொழி அகிலம் உலகம் முழுவதும். மதி தமிழில் நிலா, வடமொழியில் அறிவு. கண்ணன் கிருஷ்ணனின் பிராகிருத வடிவமாகவும் வரும், கண் என்ற சொல்லோடும் ஒட்டும். பெற்றோர் எதை நினைத்து வைத்தார்களோ அதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். சின்னப் பெயர்களில் எழுத்து குறைவு என்பதால் இந்தத் தற்செயல் ஒற்றுமைகள் அதிகம் நேரும். விசாரிக்க வேண்டிய கடமையும் அதனாலேயே அதிகம்.

அடுத்து, நட்சத்திர எழுத்து. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு எழுத்து உண்டு. கார்த்திகையில் பிறந்தவனுக்கு அ, இ, உ, எ கிடைக்கும். அன்பு, இனியன், உதியன், எழில் என்று அள்ளலாம். மகத்தில் பிறந்தவனுக்கு ம, மி, மு, மெ, முகில் இருக்கிறான். பரணியில் பிறந்தவனுக்கு லி, லு, லே, லோ. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. சுவாதியின் முதல் மூன்று பாதங்களுக்கு ரு, ரே, ரோ. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. ரகரமும் டகரமும் அதே கதை. வேறொரு மொழியின் எழுத்து வரிசையில் அமைந்த அட்டவணையை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதைக் கண்டிப்பாகப் பிடித்தால் சில நட்சத்திரத்துக் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பெயரே கிடைக்காது. நம்பிக்கை உள்ளவர்களைப் புண்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நட்சத்திரத்தின் பெயரையே வைக்கலாம். பரணி அழகான ஆண் பெயர், மூன்றே மாத்திரை. கார்த்தியும் அப்படி வந்தவன்தான்.

பெயரின் கடைசி எழுத்து முதலெழுத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. ஆளைக் கூப்பிடும்போது பெயரின் ஈறு என்ன ஆகிறது என்பதுதான் அதன் பொருள். இகரம் ஈகாரமாக நீளும்: நம்பி, நம்பீ. அன் என்ற ஈறு ஆ ஆகும்: சோழன், சோழா. அவன் அருகில் இருந்தால் நீட்ட வேண்டாம், 'சோழ' என்று அகரம் போதும். ஓகாரம் ஏகாரத்தோடு சேரும்: கோவே. மெய்யெழுத்துகளில் ன், ர், ல், ள் ஆகிய நான்கில் முடியும் பெயர்களே விளியேற்கும் என்று அந்த இயல் வரையறுக்கிறது. தூரத்தில் நிற்பவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் வேறு வேறு ஒலி வைத்த இலக்கணம் பெயரைக் காதால் அளந்திருக்கிறது.

மேலே சொன்ன தமிழ்ச் சின்னப் பெயர்களை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். கவின், கதிர், எழில், அருள், மாறன், பாரி எல்லாம் உள்ளே வருகின்றன. வயல் வரப்பிலிருந்து 'மாறா' என்று கூப்பிடலாம். 'பாரீ' என்று நீட்டலாம். இப்போது பெருகியிருக்கும் ரித்விக், அத்விக், தர்ஷ், நிதிஷ் போன்றவை க், ஷ் என்று வெட்டி முடிகின்றன. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே பாட்டி 'ரித்விக்கு' என்கிறாள், 'தர்ஷு' என்கிறாள். அவள் படிக்காதவள் என்று பேரப்பிள்ளையின் பெற்றோர் திருத்துகிறார்கள். திருத்த வேண்டாம். கிட்டுவையும் உமறையும் ஆக்கிய அதே மொழியறிவுதான் அவள் நாக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கஜன், தர்ஷன், சுஜன் என்று ஓசைக்காக உருவான பெயர்கள் நிறைய. அவற்றில் 'அன்' ஈறு தப்பியிருப்பதால் கஜா, தர்ஷா என்று விளி இயல்பாக வருகிறது.

புலம்பெயர்ந்தோருக்குத் தனிக் கவலை, ழகரம். எழில், செழியன், யாழன் எல்லாம் ரோமன் எழுத்தில் இசட், எச் என்று அடுத்தடுத்து வந்து, வகுப்பு ஆசிரியர் வாயில் வேறாகின்றன. அதற்காக ழகரத்தை விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. தயங்குகிறவர்களுக்கு மாறன், கவின், பாரி, வளன், ஆதன், நிலவன் எந்த நாட்டு வாயிலும் அதிகம் கெடாது. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவது இன்னொரு வழக்கம். தமிழில் மூன்று எழுத்தாக இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் எட்டெழுத்தாகி, படிக்கிறவரைத் திணறடிக்கிறது. சின்னப் பெயர் கேட்டவர்களே இப்படிச் செய்வது வருத்தம் தருகிறது.

அவசரப்பட வேண்டியதுமில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள்வரை வாய்ப்பு உண்டு. சில வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று பெயரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதியலாம். பதியும்போது தந்தை பெயரோ தாய் பெயரோ எப்படி இணைகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, தலைப்பெழுத்தோடு வாழும் தமிழர்கள்தான் அதிகம் கலங்கினார்கள். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. மலேசியாவில் மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' என்று, இன்னாரின் மகன் எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களைச் சேர்த்து, தந்தை பெயரைப் பின்னால் எழுதுகிறார்கள். இங்கே பதிவுசெய்கிறவர்கள் தலைப்பெழுத்தோடு நிறுத்தாமல் தந்தை பெயரையோ தாய் பெயரையோ முழுதாக முன்னால் எழுதிவிடலாம். காரி மாறன் என்று எழுதிய வரிசை அதுதான்.